உங்களுக்குத் தெரியுமா? கம்பெனிக்கு முதலீடு கேட்கும் காகிதங்கள்

★ பல்லாவரம் – துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் போகிறவர்கள் கீழ்க்கட்டளையைக் கவனிப்பது சிக்னல் விழுந்தால்தான். 2010 அக்டோபரில் அங்கே சுமார் 700 சதுர அடி இடத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பமானது. திருச்சிக்காரரான கிரிஷ் மாத்ருபூதம், ஸோஹோ வேலையை விட்டுவிட்டு ஒரு சிறு குழுவோடு தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் அது. அடுத்த ஆண்டே ஆக்செல் நிறுவனம் 10 லட்சம் டாலர் முதலீடு செய்தது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி, 2021 செப்டம்பர் 22 அன்று நாஸ்டாக்கில் பட்டியலானபோது ஒரு பங்கின் விலை 36 டாலர், திரட்டிய தொகை 100 கோடி டாலருக்கும் மேல். அந்த வெளியீட்டுக்கு உள்ளுக்குள் வைத்திருந்த பெயர் ‘ப்ராஜெக்ட் சூப்பர் ஸ்டார்’. கிரிஷ் ரஜினி ரசிகர்.

★ ‘பிரைவேட் லிமிடெட்’ என்று போர்டு மாட்டிவிட்டாலே, பங்கு வாங்க வாருங்கள் என்று ஊரைக் கூப்பிடும் உரிமை போய்விடும். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், பிரைவேட் கம்பெனிக்குச் சொல்லும் இலக்கணமே அதுதான்: பங்கை இஷ்டப்படி கைமாற்றக் கட்டுப்பாடு உண்டு, உறுப்பினர் 200 பேருக்கு மேல் கூடாது, பொதுமக்களுக்கு அழைப்பு விடக் கூடாது. பழைய 1956 சட்டத்தில் உறுப்பினர் வரம்பு 50.

★ அப்படியென்றால் செம்பாக்கத்தில் இருக்கும் ஒரு சிறு கம்பெனி எப்படித்தான் முதலீடு தேடுவது? அதே சட்டத்தின் 42-ஆம் பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. யாரிடம் கேட்கப்போகிறோம் என்று இயக்குநர் குழு முன்கூட்டியே பெயர்ப் பட்டியல் போட வேண்டும். அந்தப் பட்டியலில் இருப்பவருக்கு மட்டும், அவர் பெயரிட்டு, வரிசை எண் போட்டு, ஒரு கடிதம் போகும். ஆடிட்டர்களும் கம்பெனி செக்ரட்டரிகளும் அதை ‘பி.ஏ.எஸ்-4’ என்பார்கள். கல்யாணப் பத்திரிகை மாதிரிதான்: உறை மேல் யார் பெயரோ, அவருக்கே அழைப்பு. வேறு யாருக்கும் அதை மாற்றிக் கொடுக்க முடியாது.

★ ஒரு நிதியாண்டில், ஒரு வகைப் பங்குக்கு, 200 பேரிடம்தான் கேட்கலாம். கவனிக்க: வாங்கியவர்கள் அல்ல, கேட்கப்பட்டவர்கள் 200 பேர். 300 பேருக்குக் கடிதம் அனுப்பி, பன்னிரண்டு பேர்தான் பணம் போட்டார்கள் என்றாலும் தப்பு தப்புதான். அது பொதுவெளியீடாகவே கருதப்படும். வங்கி, மியூச்சுவல் ஃபண்டு போன்ற தகுதி பெற்ற நிறுவன முதலீட்டாளர்களும், ஊழியர் பங்குத் திட்டத்தில் பங்கு பெறும் சொந்த ஊழியர்களும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

★ அடுக்குமாடிக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் “நம்ம கம்பெனியில் முதலீடு செய்ய ஆர்வமுள்ளவர்கள் தொடர்புகொள்ளவும்” என்று ஒரு செய்தி. நல்ல எண்ணத்தில் போடுவதுதான். ஆனால் விளம்பரம், ஊடகம், விற்பனை வழிகள், ஏஜென்ட் எதன் மூலமும் இந்த வெளியீட்டைப் பொதுமக்களுக்குத் தெரிவிக்கக் கூடாது என்கிறது 42-ஆம் பிரிவு. “ஆள் பிடித்துக் கொடுத்தால் இரண்டு சதவீதம்” என்று ஊருக்குள் ஆள் விடும் கமிஷன் ஏற்பாடும் இதில் அடிபட்டுப் போகிறது. மீறினால் திரட்டிய தொகை வரை, அல்லது 2 கோடி ரூபாய் வரை, இதில் எது குறைவோ அந்த அளவுக்கு அபராதம் வரலாம். கம்பெனி மட்டுமல்ல, அதைத் தொடங்கியவர்களும் இயக்குநர்களும் பொறுப்பு. வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பித் தரவேண்டியது தனி.

★ இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்பவர்கள் சஹாரா கதையைப் படிக்க வேண்டும். அந்தக் குழுமத்தின் இரண்டு நிறுவனங்கள், கடன் பத்திரம் என்ற பெயரில் ஏறக்குறைய மூன்று கோடிப் பேரிடம் பணம் வாங்கின. கேட்டபோது சொன்ன பதில்: இது தனிப்பட்ட வெளியீடு, எங்கள் நண்பர்கள், ஊழியர்கள், குழுமத்தோடு தொடர்புடையவர்களுக்கு மட்டும் கொடுத்தது. மூன்று கோடி நண்பர்கள்! விஷயம் வெளியே வந்த விதம் இன்னும் சுவாரசியம். அதே குழுமத்தின் வேறொரு நிறுவனம் 2009-இல் பங்குச் சந்தைக்கு வர விரும்பி, வரைவு ஆவணத்தைப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியிடம் கொடுத்தது. அதைப் புரட்டியபோதுதான் இந்த இரண்டு நிறுவனங்களின் வசூல் செபியின் கண்ணில் பட்டது. 2012 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம், 24,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகையை 15 சதவீத வட்டியோடு திருப்பித் தரச் சொன்னது. அப்போதைய சட்டப்படி 50 பேர் அல்லது அதற்கு மேல் கேட்டாலே அது பொதுவெளியீடு.

★ ரொக்கம் வாங்கக் கூடாது. காசோலை, டி.டி., வங்கிப் பரிமாற்றம் மட்டும். அதுவும் யார் பெயரில் பங்கோ, அவர் கணக்கிலிருந்தே வர வேண்டும். மனைவி பெயரில் பங்கு, கணவர் கணக்கிலிருந்து பணம் என்று நம் வீடுகளில் சகஜமாக நடப்பது இங்கே செல்லாது.

★ பணம் தனி வங்கிக் கணக்கில் கிடக்க வேண்டும். 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். முடியாவிட்டால் அடுத்த 15 நாளில் திருப்பித் தர வேண்டும். அதுவும் தவறினால் 60-ஆம் நாள் முடிந்ததிலிருந்து ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. இதில் பலரும் சறுக்குவது வேறோர் இடத்தில். பங்கு ஒதுக்கிய 15 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் ‘பி.ஏ.எஸ்-3’ படிவம் தாக்கல் செய்ய வேண்டும். அது முடியும்வரை அந்தப் பணத்தில் ஒரு ரூபாயைக்கூடத் தொடக் கூடாது. திங்கட்கிழமை பணம் வந்தது, செவ்வாய்க்கிழமை மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்தோம் என்றால் அதுவே விதிமீறல்.

★ பங்கு விற்று முதலீடு தேடுவதற்கு நூறு வருடத்துக்கும் மேற்பட்ட தமிழ் முன்னோடி ஒன்று உண்டு. 1906 அக்டோபர் 16 அன்று தூத்துக்குடியில் பதிவான சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. மூலதனம் 10 லட்சம் ரூபாய். தலா 25 ரூபாயில் 40,000 பங்குகள். ஆசியர்கள் மட்டுமே வாங்கலாம் என்று நிபந்தனை. பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். வ.உ.சி. ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் மட்டும் 2 லட்சம் ரூபாய் கொடுத்து 8,000 பங்குகள் எடுத்துக்கொண்டார், மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஊரறிந்த பெரிய கை ஒன்று முதலில் விழுந்தால் மற்றவர்களுக்குத் தைரியம் வரும் என்பதை வ.உ.சி.க்கு எந்த மேலாண்மைக் கல்லூரியும் சொல்லித்தரவில்லை. இன்றைய முதலீட்டு உலகம் இதே ஆளைத்தான் ‘லீட் இன்வெஸ்டர்’ என்று தேடி அலைகிறது.

★ அந்தக் கம்பெனி பதிவாகி ஆறே நாளில், 1906 அக்டோபர் 22 அன்று, சென்னையில் அர்பத்நாட் வங்கி மூழ்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு போனது. மக்கள் கையிலிருக்கும் காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான், வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரும் நண்பர்களும் நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று பங்குக்கு அழைப்பு விட்டார்கள். 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது.

★ பி.ஏ.எஸ்-4-இல் எதையெல்லாம் எழுத வேண்டும்? இயக்குநர்களின் பெயர், முகவரி, தொழில், மூன்று வருட லாப நஷ்டக் கணக்கு, எதற்காகப் பணம், விலை எப்படி வந்தது, மதிப்பிட்டவர் யார், வெளியீட்டுக்கு முன்னும் பின்னும் யார் கையில் எத்தனை பங்கு, கட்டாமல் விட்ட வரி, கடன் பாக்கி, வழக்குகள், ஐந்து வருடத்தில் ஆடிட்டர் ஏதாவது ஆட்சேபம் எழுதினாரா என்பது, சொந்தக்காரர்களோடு கம்பெனி வைத்திருக்கும் கொடுக்கல் வாங்கல். கடைசியாகச் சொன்னதில்தான் குடும்பக் கம்பெனிகள் நெளியும். திருமுடிவாக்கம் சிட்கோ எஸ்டேட்டில் பட்டறை ஒன்று இருக்கிறது, அந்த ஷெட் இயக்குநரின் மனைவி பெயரில், வாடகை சந்தை நிலவரத்தைவிட அதிகம் என்று வைத்துக்கொள்வோம். வாடகையை எழுதித்தான் ஆக வேண்டும். மறைத்தால், முதலீட்டாளரின் ஆடிட்டர் வாடகை ஒப்பந்தத்தைப் புரட்டும் நாளில் எல்லாம் வெளியே வரும். முதலீட்டுப் பேச்சு அன்றோடு முறியாவிட்டாலும் விலை கட்டாயம் இறங்கும்.

★ அபாயங்கள் என்ற பகுதியைப் பலர் வேறு எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டுகிறார்கள். “பொருளாதார மந்தநிலை பாதிக்கலாம்”, “அரசுக் கொள்கை மாறலாம்.” யாருக்குத்தான் பாதிக்காது? படிப்பவர் தேடுவது வேறு. விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடம் போகிறதா? அந்த வாடிக்கையாளர் ஒரகடத்துக் கார் ஆலையா? அவர்கள் ஒரு மாடலை நிறுத்தினால் உங்கள் கதி என்ன? இதை நேராக எழுதியிருக்கும் ஆவணத்தைத்தான், எனக்குத் தெரிந்தவரை, காசு வைத்திருப்பவர்கள் இரண்டாம் தடவை எடுத்துப் படிக்கிறார்கள்.

★ 10 ரூபாய் முகமதிப்புப் பங்கை 4,500 ரூபாய்க்கு விற்க முடியுமா? முடியும். மூலதனம் ஒரு லட்சம், அதாவது 10,000 பங்கு கொண்ட கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 50 லட்சம் போட்டு 10 சதவீதம் கேட்கிறார். பணம் வந்த பிறகு கம்பெனியின் மதிப்பு 5 கோடி. வருமுன் நாலரைக் கோடி. நாலரைக் கோடியை 10,000-ஆல் வகுத்தால் பங்குக்கு 4,500 ரூபாய். புதிதாகக் கொடுக்க வேண்டியது 1,111 பங்குகள். இப்படி யார் கையில் எத்தனை பங்கு என்று போடும் அட்டவணைதான் ‘கேப் டேபிள்’ என்று பெரிய பெயரில் சுற்றுகிறது. தொடங்கும்போதே நாலு நண்பர்களுக்கு ஆளுக்கு 20 சதவீதம் என்று தாராளமாக எழுதிக்கொடுத்துவிட்டு, இரண்டு பேர் விலகிப் போன பிறகு இதைப் போட்டுப் பாருங்கள், தலை சுற்றும்.

★ 4,500 ரூபாய் என்பதை இஷ்டத்துக்கு எழுத முடியாது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும்.

★ ‘ஏஞ்சல் வரி’ இனி இல்லை. நியாயமான மதிப்பைவிட அதிக விலைக்குப் பங்கு விற்றால், அந்தக் கூடுதல் தொகையைக் கம்பெனியின் வருமானமாகக் கருதி வரி போடும் முறை 2012-இல் வந்தது. 2024 ஜூலை பட்ஜெட்டில் அதை எடுத்துவிட்டார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறை.

★ “பங்கெல்லாம் வேண்டாம், கைமாத்தா வாங்கிக்கிறேன், மாசம் ரெண்டு வட்டி தர்றேன்.” தாம்பரம் சானடோரியம் டீக்கடை முதல் வேளச்சேரி வரை புழங்கும் வசனம். தனிமனிதர் வாங்கினால் அது கடன். பிரைவேட் லிமிடெட் கம்பெனி தன் கணக்கில் வாங்கினால், பெரும்பாலும் அது சட்டத்தின் பார்வையில் ‘டெபாசிட்’, பொதுமக்களிடம் அதை வாங்க அனுமதி கிடையாது. இயக்குநர்கள் தரலாம், அவர்களுடைய உறவினர்கள் தரலாம். அதற்கும், இது நான் கடன் வாங்கிக் கொடுக்கும் பணம் இல்லை என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். நண்பர், பக்கத்து வீட்டு மாமா, பழைய மேனேஜர் ஆகியோருக்கு இந்த விலக்கு இல்லை. டெபாசிட் வாங்கி ஏமாற்றும் நிதி நிறுவனங்களைப் பிடிக்கத் தமிழ்நாட்டுக்கென்றே 1997-இல் தனிச் சட்டம் வந்தது. தேக்கு மரத்தில் காசு காய்க்கும் என்று நம்பி அனுபவ் பிளான்டேஷன்ஸில் பணம் போட்டவர்கள் இந்தப் பக்கத்துத் தெருக்களிலும் இருக்கிறார்கள். அந்தத் திட்டம் 1998-இல் சரிந்தது.

★ விலை இப்போதே பேச முடியவில்லை என்றால் ‘கன்வெர்டிபிள் நோட்’ என்று ஒன்று உண்டு. இன்று கடனாகக் கொடுத்து, பின்னால் பங்காக மாற்றிக்கொள்ளலாம். மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் பெற்ற கம்பெனிக்கு மட்டும். ஒருவர் ஒரே தவணையில் குறைந்தது 25 லட்சம் ரூபாய் போட வேண்டும்.

★ சிங்கப்பூர் மச்சான் பணம் போட்டால் கூடுதலாக ஒரு வேலை. லாபத்தை வெளிநாட்டுக்கே திரும்ப எடுத்துப்போகும் உரிமையோடு அவர் முதலீடு செய்தால், பங்கு ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கு ‘எஃப்.சி-ஜி.பி.ஆர்’ படிவம் போக வேண்டும். அவருக்குச் சலுகை விலை கொடுக்கவும் முடியாது. மதிப்பீட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. உறவு வேறு, அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா வேறு.

★ அமெரிக்காவில் 2013 செப்டம்பரிலிருந்து பிரைவேட் கம்பெனிகளும் விளம்பரம் செய்து முதலீடு தேடலாம். முக்கிய நிபந்தனை: வாங்குகிறவர் அத்தனை பேரும் குறிப்பிட்ட அளவு சொத்தோ வருமானமோ உள்ளவர்களா என்று சரிபார்க்க வேண்டும். அங்கிருக்கும் உறவினர் அனுப்பும் யோசனைகளை அப்படியே இங்கே செய்துவிடாதீர்கள்.

★ எங்கே போய்க் கேட்பது? ‘தி சென்னை ஏஞ்சல்ஸ்’ என்ற தனிநபர் முதலீட்டாளர் குழு 2007 முதல் இருக்கிறது. தரமணியில் ஐ.ஐ.டி. ரிசர்ச் பார்க்கில் தொழில் வளர்ப்பு மையம் உண்டு. இரண்டு இடத்துக்கும் முதலில் போவது, கம்பெனியை அறிமுகப்படுத்தும் பத்துப் பதினைந்து பக்க ‘பிட்ச் டெக்’, பி.ஏ.எஸ்-4 வருவது கடைசியில். நடுவே முதலீட்டு நிபந்தனைகளைச் சுருக்கிச் சொல்லும் ‘டெர்ம் ஷீட்’, அதற்கப்புறம் கணக்கு வழக்கைத் துருவிப் பார்க்கும் ‘டியூ டிலிஜென்ஸ்’. பி.எஃப். பாக்கியிலிருந்து பழைய பார்ட்னரின் ராஜினாமாக் கடிதம் வரை அப்போது கேட்பார்கள்.

★ யாரிடமும் கேட்காமலே வளர்ந்தவர்களும் நம் பக்கத்தில்தான். 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய ஸோஹோ, இன்று கூடுவாஞ்சேரி அருகே எஸ்டான்ஷியா வளாகத்தில் இருக்கிறது. வெளி முதலீட்டு நிறுவனம் எதனிடமும் பணம் வாங்கியதில்லை. தரமணியில் இயங்கும் லேட்டன்ட்வியூ அனலிட்டிக்ஸும் அப்படியே 2006-லிருந்து சொந்தக் காலில் நின்றது. 2021 நவம்பரில் 600 கோடி ரூபாய்க்கு முதன்முதலாகப் பொதுமக்களிடம் வந்தபோது, விற்பனைக்கு இருந்த பங்குகளைப் போல 326 மடங்குக்கு விண்ணப்பங்கள் குவிந்தன.

★ பங்குச் சான்றிதழைப் பீரோவில் பூட்டி வைக்கும் காலம் முடிகிறது. ‘சிறு கம்பெனி’ வரையறைக்குள் வராத பிரைவேட் கம்பெனிகள் பங்குகளை மின்னணு வடிவான டீமேட்டில்தான் வெளியிட வேண்டும். 2024 செப்டம்பர் வரை இருந்த கெடுவை 2025 ஜூன் 30 வரை நீட்டினார்கள், அதுவும் போய்விட்டது.

★ ஒரு கோடி ரூபாய்ப் பங்கு வெளியீட்டுக்கு முத்திரைத் தீர்வை எவ்வளவு? 0.005 சதவீதம். 500 ரூபாய். ஆவணம் தயாரிக்க வக்கீல், ஆடிட்டர், மதிப்பீட்டாளர் மூவரும் கேட்கும் தொகையை விசாரித்துவிட்டு வாருங்கள், சர்க்கார் எவ்வளவு நல்லது என்று தோன்றும்.