பை கொடுக்காத கைகள்

1981-82இல் கீத் ஃப்ளெட்சர் தலைமையில் இந்தியா வந்த இங்கிலாந்து அணி, அடுத்தடுத்த 3 டெஸ்ட்களில் குவித்த ரன்கள் 1,964. அத்தனை ரன்னிலும் பை என்ற கணக்கில் ஒன்றுகூடச் சேரவில்லை. மட்டையைத் தாண்டிய பந்து எதுவும் விக்கெட் கீப்பரைத் தாண்டவில்லை. அந்தக் கீப்பர் சையத் கிர்மானி.

கிர்மானியைப் பற்றிப் பேசினால் நம் ஆட்கள் உடனே 1983 உலகக் கோப்பைக்குப் போய்விடுவார்கள். போகட்டும், நியாயம்தான். டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிராக 140க்கு 8 விக்கெட் போன பிறகு உள்ளே வந்து, கபில் தேவுடன் பிரியாமல் 126 ரன் சேர்த்தவர் அவர். கபிலின் 175 ஊரறிந்தது. எதிர்முனையில் கிர்மானி எடுத்த 24 இல்லாமல் அந்த 175 இல்லை. அதே ஜிம்பாப்வேயை முன்னதாக லெஸ்டரில் சந்தித்தபோது 5 கேட்ச் பிடித்தார். இறுதியாட்டத்தில் சந்துவின் பந்தில் பாக்கஸ் கொடுத்த கேட்ச்சை வலப்பக்கம் பாய்ந்து பிடித்தார். தொடரின் சிறந்த விக்கெட் கீப்பர் விருதும் கிடைத்தது.

ஆனால் அவரது மேன்மை தெரிய வேண்டுமானால் சுழற்பந்துக்கு அவர் நின்ற விதத்தைப் பார்க்க வேண்டும். வேகப்பந்துக்குப் பத்துப் பதினைந்து கெஜம் பின்னால் நிற்கும் கீப்பருக்குப் பந்தைப் பார்க்கக் கொஞ்சமாவது நேரம் உண்டு. சுழலுக்கு ஸ்டம்பை ஒட்டி நிற்கிறவருக்கு அது கிடையாது. லெக் சைடில் விழும் பந்தை பேட்ஸ்மேனின் உடம்பே மறைத்துவிடும். பந்து எழும்போதுதான் கீப்பரும் எழ வேண்டும். அரை நொடி முந்தி எழுந்தாலும் தாழ்ந்து வரும் பந்து கால்களுக்கு நடுவே போய்விடும். அதிலும் சந்திரசேகர்! போலியோவால் சூம்பிய கையிலிருந்து, மிதவேகப் பந்துவீச்சாளரின் விசையோடு கூக்ளி வரும். அவருக்கும் பிரசன்னாவுக்கும் பேடிக்கும் வெங்கட்ராகவனுக்கும், ஹெல்மெட் இல்லாமல், நாள் முழுக்க ஸ்டம்பை ஒட்டிக் குந்தியிருந்தார் கிர்மானி.

பிறந்தது சென்னையில், 1949 டிசம்பரில். வளர்ந்தது பெங்களூரில். சிறுவனாக இருந்தபோது செங்கல்லைக் கையுறையாகப் பிடித்துத் தெருவில் கீப்பிங் பழகியதை அவரே சொல்லியிருக்கிறார். 1973-74இல் கர்நாடகா முதன்முதலாக ரஞ்சிக் கோப்பையை வென்றபோது கீப்பர் அவர்தான். சந்திரசேகரையும் பிரசன்னாவையும் மாநில அணியிலேயே வாங்கிப் பழகிய கைகள் என்பதால், இந்திய அணிக்கு வந்தபோது அவருக்கு அந்தச் சுழல் புதிதல்ல.

ஆனாலும் காத்திருந்தார். 1971, 1974 இங்கிலாந்துப் பயணங்களில் ஃபரூக் என்ஜினியருக்கு மாற்றாகப் போய், ஒரு டெஸ்ட்கூட ஆடாமல் திரும்பினார். 1976 ஜனவரியில் ஆக்லாந்தில் வாய்ப்பு வந்தபோது வயது 26. இரண்டாவது டெஸ்ட்டிலேயே, கிறைஸ்ட்சர்ச்சில், ஒரே இன்னிங்ஸில் 6 பேரை வெளியேற்றி அன்றைய உலகச் சாதனையைச் சமன் செய்தார்.

1979இல் உலகக் கோப்பைக்கும் இங்கிலாந்து டெஸ்ட் தொடருக்கும் அவரை விட்டுவிட்டார்கள். நம் பரத் ரெட்டி அந்தத் தொடரின் 4 டெஸ்ட்களிலும் கீப்பிங் செய்தார். பரத் திறமைசாலி, அதில் சந்தேகமில்லை. இருந்தும் கிர்மானியை நீக்கியது தவறு என்றே எனக்குப் படுகிறது. சில மாதங்களில் அவர் திரும்பி வந்து, பம்பாயில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இரவுக் காவலராக இறங்கி ஆட்டமிழக்காமல் 101 எடுத்தார். இரண்டாவது சதமும் பம்பாயில்தான். 1984இல் இங்கிலாந்துக்கு எதிராக ரவி சாஸ்திரியுடன் ஏழாவது விக்கெட்டுக்கு 235 ரன் சேர்த்தார். தமிழ்நாட்டின் 18 வயது சிவராமகிருஷ்ணன் 12 விக்கெட் எடுத்த டெஸ்ட் அது. அந்த லெக் ஸ்பின்னுக்கும் ஸ்டம்புக்குப் பின்னால் நின்றவர் கிர்மானியே.

1986 ஜனவரியில் சிட்னியில் கடைசி டெஸ்ட். மொத்தம் 88 டெஸ்ட்கள், 160 கேட்ச், 38 ஸ்டம்பிங். இருநூறுக்கு இரண்டு குறைவு. அந்த இந்தியச் சாதனையைத் தாண்டத் தோனி வர வேண்டியிருந்தது.

இப்போது கீப்பரைத் தேர்வு செய்யும்போது முதலில் கேட்கப்படுவது அவரது பேட்டிங் சராசரிதான். டி20க்கு அது பொருந்தலாம். நான்காம் நாள் சேப்பாக்கத்தில் பந்து கூர்மையாகத் திரும்பும்போது கைவிட்ட ஒரு ஸ்டம்பிங்கின் விலை 100 ரன்னாகக்கூட இருக்கலாம். அது எந்தச் சராசரியிலும் பதிவாவதில்லை. தேர்வாளர்கள் உள்நாட்டு டெஸ்ட்களுக்காவது முதலில் கைகளைப் பார்க்கட்டும், மட்டையைப் பிறகு பார்க்கலாம். சுழலுக்கு நின்ற இந்தியக் கீப்பர்களில் யார் முதல்வர் என்று கேட்டால், தோனியையும் சேர்த்து வைத்துப் பார்த்தபின்னும், என் பதில் கிர்மானிதான்.