டீக்கடைத் தீர்ப்பு!

பாஸ், பதிண்டா ஞாபகம் இருக்கா? 2023 ஏப்ரல் 12, அதிகாலை நாலரை மணி. பஞ்சாப் ராணுவ முகாமில் தூங்கிக்கொண்டிருந்த நாலு பீரங்கிப் படை வீரர்கள் கொல்லப்பட்டார்கள். நம்மைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். ஒருவர் தேனி மாவட்டம், இன்னொருவர் சேலம்.

சேலம் என்றதும் ஏற்காட்டு மலைமேல் எங்க வெள்ளக்கடையிலும் அதே பேச்சு. காபித் தோட்டத்துக்குக் கிளம்புகிறவர் முதல் பஸ்ஸுக்கு நிற்கிற பையன் வரை எல்லாரும் துப்பறிவாளர்! அம்ரித்பால் சிங்கை பஞ்சாப் போலீஸ் வலைவீசித் தேடிக்கொண்டிருந்த நேரம் வேறு. வெள்ளைக் குர்தா, முகமூடி, கையில் கோடாரி என்று ரெண்டு பேரைப் பார்த்ததாக ஒரு வீரர் சொன்னதும் முடிஞ்சது கதை. ‘தீவிரவாதிதான்பா!’ தீவிரவாதத் தாக்குதல் இல்லை என்று போலீஸ் அன்றைக்கே சொன்னதை யார் காதில் வாங்கினார்கள்?

ஏப்ரல் 17. கைதானவர் அந்தச் சாட்சியேதான். அதே முகாம், சக வீரர். தனிப்பட்ட பகை என்றது போலீஸ். மூணு நாள் முன்பே இன்சாஸ் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் திருடி வைத்திருந்தாராம்.

டீக்கடை கப்சிப். எதிரி வெளியே இருந்தால் திட்டலாம், போஸ்டர் ஒட்டலாம். பக்கத்து பாரக்ஸ்காரர் என்றால்? அமெரிக்காவின் ஃபோர்ட் ஹூட் முகாமில் 2009-ல் 13 பேரைச் சுட்டுக் கொன்றதும் ஒரு ராணுவ டாக்டர்தான். அதுவும் மனநல டாக்டர்!

எங்க பக்கம் ஆர்மி செலக்‌ஷனுக்காக விடியற்காலையில் ஓடுகிற பசங்க இருக்காங்க. அவர்களில் ஒருத்தன் டீ மாஸ்டரிடம் கேட்டான்: “பகை இவ்ளோ முத்துற வரைக்கும் மேல இருக்கிறவங்க யாருக்குமே தெரியலையாண்ணே?”

அதுக்கு மட்டும் யாரும் தீர்ப்பு சொல்லலை.