ரிவெட்டை நம்பிப் பறந்த குடும்பம்

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் லாரிப் பட்டறைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு பாப் ரிவெட் பழகிய சங்கதி. தகட்டில் துளை போட்டு, ரிவெட்டைச் செருகி, கன்னை அமுக்கினால் ‘டக்’கென்று பிடித்துக்கொள்ளும். அதே ரிவெட்டை அடித்து வீட்டிலேயே ஒருவர் விமானம் செய்தார் என்றால் நம்ப முடிகிறதா?

கேரளாவின் ஆலப்புழையைச் சேர்ந்த அசோக் தாமராக்ஷன், இங்கிலாந்தில் வசிக்கும் இன்ஜினீயர். பைலட் லைசென்ஸ் வாங்கிய பிறகு வாடகை விமானங்களை ஓட்டிவந்தார். அவற்றில் பெரும்பாலும் இரண்டே சீட். மனைவி, இரண்டு மகள்களோடு எப்படிப் போவது? கொரோனா ஊரடங்கு காலத்தில், தென்னாப்பிரிக்காவின் ‘ஸ்லிங்’ நிறுவனத்திடமிருந்து நான்கு சீட் விமானத்துக்கான கிட்டை வரவழைத்து, வீட்டுத் தோட்டத்து ஷெட்டில் வேலையைத் தொடங்கினார். பெட்டிகளில் வந்தவை அலுமினியத் தகடுகளும் பாகங்களும்தான். முடிக்க ஏறக்குறைய 18 மாதங்கள் ஆயின.

இத்தகைய உலோக இறக்கைக்கு முதுகெலும்பு, ‘ஸ்பார்’ எனப்படும் நீண்ட உத்தரம். அதில் விலா எலும்புபோல ‘ரிப்’களைப் பொருத்தி, மேலே மெல்லிய அலுமினியத் தகட்டைப் போர்த்துவார்கள். எடுத்த எடுப்பில் ரிவெட் அடிப்பதில்லை. முதலில் தற்காலிக ஊசிகளால் தகட்டைப் பிடித்து வைத்து, துளைகள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு கழற்றி, ஒவ்வொரு துளையின் பிசிரையும் நீக்க வேண்டும். பறக்கும்போது இறக்கை ஓயாமல் அதிரும்; பிசிர் இருக்கும் இடத்திலிருந்துதான் விரிசல் கிளம்பும். கடைசியில்தான் ரிவெட். அதுவும் ஆயிரக்கணக்கில்!

எரிபொருள் டேங்கும் இறக்கைக்குள்ளேயே இருப்பதால், அதன் இணைப்புகளை சீலன்ட் பூசி அடைத்து, கசிவு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். காசிமேடு படகுக்காரர்களுக்குத் தெரிந்த எதிரி ஒன்றும் இங்கே உண்டு: உப்புக்காற்று. ஈரமும் உப்பும் சேரும் இடத்தில் அலுமினியத்தோடு எஃகு ஒட்டிக்கிடந்தால் அரிப்பு வேகமாகும். அதனால்தான் மூடுவதற்கு முன்பே உள்பக்கம் பிரைமர் அடிக்கிறார்கள்.

தகடு மூடிவிட்டால் உள்ளே என்ன நடந்தது என்று பார்ப்பது கடினம். லாரியில் கோளாறு என்றால் ஓரம் கட்டலாம். வானத்தில் ஏது ஓரம்? அதனால் இங்கிலாந்தில் வீட்டில் கட்டும் விமானத்தை, கட்டும்போதே கட்டம் கட்டமாக இன்ஸ்பெக்டர் வந்து சோதிப்பார். நம் நாட்டிலும் மும்பை பைலட் அமோல் யாதவ் மொட்டை மாடியில் கட்டிய ஆறு சீட் விமானம், 2017-ல்தான் அரசுப் பதிவு பெற்றது. அந்தப் பதிவு எண்ணுக்காக அவர் பல ஆண்டுகள் காத்திருந்தார்.

அசோக்கின் விமானம் 2022 பிப்ரவரியில் முதல்முறையாகப் பறந்தது. இளைய மகளின் பெயரையே அதற்கு வைத்தார். சோதனைகளெல்லாம் முடிந்த பிறகு மனைவியும் மகள்களும் ஏறினார்கள். ஐரோப்பிய நாடுகளுக்குப் பறந்து போய் வந்தார்கள். தன் கையால் அடித்த ரிவெட்டை நம்பி, பெற்ற பிள்ளைகளை ஏற்றுகிற அப்பாவுக்கு, ‘இது போதும்’ என்று விட்டுவிட ஒரு துளைகூட இருந்திருக்காது.