கீழிருந்து வரும் குளிர்

இரு மரங்களுக்கிடையே துணியையோ வலையையோ கட்டி, அதில் படுத்துறங்கும் தொங்குபடுக்கை வெப்பநாட்டார் உலகிற்கு அளித்த கொடையாகும். 1492ஆம் ஆண்டு கொலம்பஸ் கரீபியத் தீவுகளை அடைந்தபோது, அங்கு வாழ்ந்த தைனோ மக்கள் பருத்தி வலைகளில் உறங்குவதைக் கண்டார். அவர்கள் அதனை ‘ஹமாக்கா’ என்றனர். அச்சொல்லே ஆங்கிலத்தில் ‘ஹேமக்’ எனத் திரிந்தது. தரையின் ஈரமும் ஊர்வனவும் தீண்டாவண்ணம் உடலை உயர்த்தி வைப்பது அதன் ஒரு பயன். உடலின் அடிப்புறத்திலும் காற்றை உலவச் செய்வது மற்றொரு பயன். தமிழ்நாட்டு வீடுகளில் கோடையில் தூளியில் உறங்கும் குழந்தையும் இவ்விரு பயன்களையும் பெறுகிறது.

இதே படுக்கையை இன்று உறைபனி பெய்யும் மலைக்காடுகளுக்கும் கொண்டு செல்கின்றனர். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், ஜார்ஜியா முதல் மெய்ன் வரை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீள்வது அப்பலாச்சியன் நடைபாதை. அதன் பெரும்பகுதி சரிவும் பாறையும் வேர்களும் நிறைந்த காடு. கூடாரம் அடிக்கச் சமதளம் கிடைப்பது அரிது, மரங்களுக்கோ பஞ்சமில்லை. ஆகவே தொங்குபடுக்கையை நாடுவோர் அங்குப் பலர். குளிர்காலத்தின் இறுதியில் ஜார்ஜியாவிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்படுவோர், சில வாரங்களில் கிரேட் ஸ்மோக்கி மலைகளை அடைகின்றனர். பாதையின் மிக உயர்ந்த இடம், ஏறத்தாழ 2,025 மீட்டர் உயரத்தில், அம்மலைகளில்தான் உள்ளது. மார்ச் மாத இரவுகளில் அங்கு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்குவது இயல்பு. கோடையில் இன்பம் தந்த அடிக்காற்று அவ்விரவுகளில் பகையாகிறது.

தடித்த உறக்கப்பைக்குள் புகுந்துகொண்டவருக்கும் நள்ளிரவில் முதுகு சில்லிடுவதேன்? போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெப்பத்தை உண்டாக்குவது உடல். அது விரைந்து வெளியேறாமல் தடுப்பது, போர்வையின் இழைகளுக்கிடையே அசையாது நிற்கும் காற்று. அசையாக் காற்று வெப்பத்தை மிக அரிதாகவே கடத்தும். வாத்தின் மென்தூவி போர்வைகளில் சிறந்ததாகப் போற்றப்படுவது, குறைந்த எடையில் மிகுந்த காற்றைச் சிறைப்படுத்துவதனால்தான். வாடைக்காலத்தைப் பாடும் நெடுநல்வாடையில் அரசியின் படுக்கைக்கு அன்னத்தின் தூவி இடப்பட்டிருப்பது இங்கு எண்ணத்தக்கது.

தொங்குபடுக்கையில் படுத்தவுடன் உடலின் எடை அடிப்புறத் தூவியை நசுக்குகிறது. சிறைப்பட்ட காற்று வெளியேறுகிறது. எஞ்சுவது மெல்லிய துணி மட்டுமே. அதன் கீழே வீசும் காற்று, வெப்பச்சலனத்தால் உடல் வெப்பத்தை இடைவிடாது அள்ளிச் செல்கிறது. குளிர்நாடுகளில் சாலைக்கு முன்பே பாலத்தின்மேல் பனி உறைவதும் இதனாலேயே: சாலைக்கு அடியில் மண் உண்டு, பாலத்திற்கு அடியிலும் காற்றே உண்டு.

இதற்கான தீர்வு எளியது. எனினும் பலரும் எளிதில் எண்ணிப் பாராதது. போர்வையைப் படுக்கைக்கு உள்ளே விரிக்காமல், வெளியே, அடிப்புறத்தில் தொங்கவிட வேண்டும். உடலின் எடை அதன்மேல் விழாததால் தூவி நசுங்குவதில்லை. இந்த அடிப்போர்வை படுக்கையை ஒட்டி நிற்றல் வேண்டும். இடைவெளி விழுந்தால் குளிர்காற்று புகும். மிக இறுக்கினால் தூவி மீண்டும் நசுங்கும். படுப்பதற்கு முன் கையை நுழைத்துப் பார்த்துக் கயிறுகளைச் சரிசெய்வதில் செலவிடும் சில நிமிடங்கள் இரவு முழுவதும் பயன்தரும். அடிப்போர்வை இல்லாதோர் யோகாப் பயிற்சிக்கு விரிப்பது போன்ற நுரைப்பாயை உள்ளே விரிக்கலாம். அதன் காற்று மூடிய நுண்ணறைகளில் அடைபட்டிருப்பதால் எடைக்கு எளிதில் வெளியேறாது. ஆயினும் அது இரவில் நழுவும். தோள்களையும் முழுதாகக் காக்காது.

காற்றின் வேகமும் கருதத்தக்கது. வெப்பநிலை −10 டிகிரி செல்சியஸாக இருக்கையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோல் ஏறக்குறைய −20 டிகிரிக்குரிய குளிரை உணரும். எனவே காற்று வரும் திசையில் தார்ப்பாயைத் தாழ்த்திக் கட்டுவர். அதனை முற்றிலும் மூடிவிட்டு உள்ளே அடுப்பெரிப்பது உயிர்க்கேடு. மணமற்ற கார்பன் மோனாக்சைடு உறங்குபவரை எழுப்பாமலே கொல்லும்.

ஈரம் மற்றொரு பகை. நீர், அசையாக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். வியர்வையில் நனைந்த ஆடையைக் களைந்து உலர்ந்ததை அணிய வேண்டும். மூச்சின் நீராவி தூவியை நனைக்காதிருக்க, முகத்தைப் போர்வைக்கு வெளியே வைக்க வேண்டும். உறங்குமுன் வயிறார உண்பது உடலுக்கு எரிபொருள் தரும். மது வெம்மை தருவதாகத் தோன்றுவது மயக்கமே. அது தோலின் குருதிக்குழாய்களை விரித்து, உள்வெப்பத்தை வெளியேற்றுகிறது.

உடலின் உள்வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பேச்சு குழறும், விரல்கள் சொற்கேளா, அறிவு மங்கும். நடுக்கம் தானாக நின்றுவிடின் அது நலமடைந்ததன் அறிகுறியன்று, பேராபத்தின் அறிகுறி. அறிவு மங்குவதால் பாதிக்கப்பட்டவர் தம் நிலையைத் தாமே உணரார். ஆதலின் குழுவாகச் செல்வோர் படுக்கைகளைக் குரல் கேட்கும் தொலைவில் கட்டி, கடுங்குளிர் இரவுகளில் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்துப் பார்ப்பது நன்று. மறுமொழி குழறினால் விடியும்வரை காத்திராமல் அவரை எழுப்பி, உலர்ந்த ஆடை அணிவித்து, காற்றுப்படாத இடத்தில் போர்வைகளால் சுற்றி, உடனே உதவி தேட வேண்டும்.