தட்டியது எங்கே போனது?



எங்கள் பள்ளிக் கணினி அறையில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒரு மணி நேரம் அமர்ந்து கட்டுரை தட்டினான். போட்டிக்கு அன்றுதான் கடைசி நாள். முடிக்கும் வேளையில் இடி இடித்தது, மின்சாரம் நின்றது. மீண்டும் கணினியைத் திறந்தால் ஒரு வரிகூட இல்லை.

“எங்க சார் போச்சு?” என்று கண் கலங்கினான்.

கணினிக்கு இரண்டு நினைவிடங்கள் உண்டு. ஒன்று ‘ரேம்’ என்னும் தற்காலிக நினைவகம். அது வகுப்பறை வெண்பலகை போன்றது. மின்சாரம் போனால் யாரோ துடைத்தது போல் எல்லாம் அழிந்துவிடும். மற்றொன்று வன்தட்டு. அது நோட்டுப் புத்தகம். மின்சாரம் போனாலும் எழுதியது அப்படியே இருக்கும்.

நாம் விசைப்பலகையில் தட்டுவது முதலில் ரேமில்தான் தங்கும். சேமித்தால்தான் வன்தட்டில் பதியும். கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி எஸ் விசையைத் தட்டுங்கள். முதல் முறை கோப்புக்கு ஒரு பெயர் கொடுங்கள். சில மென்பொருள்கள் தாமாகவே சேமிக்கும். அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

அன்று தவறு அவனுடையதல்ல. சேமிக்கக் கற்றுக்கொடுக்காமலே தட்டச் சொன்ன என்னுடையது. இப்போது என் வகுப்பில் முதல் பாடமே இதுதான்: ஒரு பத்தி முடிந்ததா? உடனே சேமி!