பம்பு இல்லாமல் பாலைவனத்தில் பாசனம் எப்படி?

ஈரானின் யஸ்து, கொனாபாத் வட்டாரங்களில் மழை அபூர்வம். ஆனாலும் நூற்றாண்டுகளாக அங்கே வெள்ளாமை நடக்கிறது. காரணம், கனாத் என்னும் சுரங்க வாய்க்கால்.

மலையடிவாரத்தில் நீர்மட்டத்தைத் தொடும்வரை ஒரு தாய்க்கிணறு வெட்டுவார்கள். கொனாபாத்தில் அதன் ஆழம் 200 மீட்டருக்கும் மேல். அதன் அடியிலிருந்து ஊர்வரை லேசான சரிவில் சுரங்கம். மண் அள்ளவும் காற்று வரவும் வழிநெடுகச் செங்குத்துக் குழிகள். சரிவு கூடினால் தண்ணீர் சுரங்கத்தையே அரித்துவிடும். குறைந்தால் வண்டல் அடைத்துக்கொள்ளும். விளக்கு வெளிச்சத்தில் இந்தச் சரிவைக் கணித்து வெட்டிய முகன்னிகள் என்னும் கனாத் தொழிலாளர்களின் கைத்திறனை என்னவென்று சொல்ல!

சரி, இது நிலத்தடி நீரை எப்படிக் காக்கிறது? நீர்மட்டம் சுரங்கத்தைவிட மேலே இருந்தால்தான் தண்ணீர் வரும். வறட்சியில் மட்டம் இறங்கினால் வரத்தும் தானாகக் குறையும். சுரங்கத்துக்குக் கீழே உள்ள நீரை உறிஞ்ச வழியே இல்லை. கனாத்தைச் சுற்றி ‘ஹரீம்’ என்ற எல்லைக்குள் வேறு கிணறு வெட்டவும் தடை. வரும் தண்ணீரைப் பங்கிட, அந்தக் காலத்தில் அடியில் ஓட்டையிட்ட செம்புக் கிண்ணத்தை நீர்ப்பாத்திரத்தில் மிதக்கவிட்டார்கள். அது நிரம்பி மூழ்க எடுக்கும் நேரம்தான் பங்கின் அளவாக இருந்தது.

2016-ல் யுனெஸ்கோ 11 கனாத்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் மட்டம் இறங்கினால் வரத்தும் குறையும் என்ற கனாத்தின் கட்டுப்பாடு ஆழ்துளைக் கிணற்றுக்கு ஏது? மட்டம் இறங்க இறங்க மோட்டாரையும் இறக்கிக்கொண்டே போகலாம். அப்படி இறக்கியதில் அருகிலிருந்த கனாத்கள் பல காய்ந்துபோயின.