முளையாத விதையும் குடியானவர் பெறத்தக்க பரிகாரமும்

விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா என்பது பழமொழி. போட்ட விரை முளைக்கவே இல்லையென்றால் குடியானவர் யாது செய்வது? திண்டுக்கல் சமவெளியில் வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், ரெட்டியார்சத்திரம் முதலிய பகுதிகளில் கிணற்றுத் தண்ணீரை நம்பி வெங்காயம், தக்காளி, மிளகாய் பயிரிடுவோர் அநேகர். இவர்கள் செய்யும் செலவில் விதையின் விலை ஒரு பாகமே. ஆனால் விதை பொய்த்துவிட்டால் உழவு, எரு, ஆள் கூலி யாவும் வீணாவதுடன் பருவமும் தவறிவிடுகிறது. பாய்ச்சிய தண்ணீரையும் கடந்துபோன மாதத்தையும் எந்தக் கடைக்காரராலும் திருப்பிக் கொடுக்க இயலாது.

இவ்வாறு நஷ்டமடைந்தவர்களுள் சிலர் தலைவிதி என்று வாளாவிருந்து விடுகின்றனர். வேறு சிலர் கடைக்குச் சென்று சச்சரவிட்டு வெறுங்கையுடன் திரும்புகின்றனர். இரண்டினாலும் பிரயோஜனமில்லை. சட்டம் இவர்களுக்கு வழி வகுத்திருக்கிறது. அவ்வழியில் செல்ல வேண்டுவது அத்தாட்சி ஒன்றே. அதனைச் சேகரிக்கும் வேலை விதை வாங்கும் நாளிலேயே தொடங்க வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1983-ம் வருஷத்திய விதைக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி, விதை விற்போர் லைசென்சு பெற்றிருப்பதுடன், வாங்குவோருக்கு ரசீதும் கொடுக்க வேண்டும். துண்டுச்சீட்டில் தொகை மட்டும் எழுதித் தருவது போதாது. ரகத்தின் பெயர், குவியல் எண், தேதி, விலை ஆகியவை ரசீதில் காண வேண்டும். பையிலுள்ள அட்டையில் முளைப்புத்திறன், பரிசோதனை செய்த தேதி, காலாவதியாகும் தேதி ஆகியவற்றையும் பார்த்து வாங்குதல் அவசியம். சான்று பெற்ற விதைக்கு நீலநிற அட்டை கட்டப்பட்டிருக்கும். வெங்காய விதை மற்ற விதைகளைவிட விரைவில் உயிர்ச்சக்தியை இழக்கும் இயல்புடையதாகையால், அதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

விதைத்த பின் பையையும் அட்டையையும் எறிந்துவிடுவது நம்மவர் வழக்கம். இது பெருந்தவறு. முளையாமை சில நாட்களில் தெரிந்துவிடும். ரகக் கலப்போ பூத்துக் காய்த்த பிறகே வெளிப்படும். ஆகவே அறுவடை முடியும் வரையில் ரசீது, பை, அட்டை ஆகிய மூன்றையும், கூடுமானால் ஒரு பிடி விதையையும் ஈரம் படாமல் பத்திரப்படுத்துக.

குற்றம் எதனுடையது?

பயிர் முளையாததற்கெல்லாம் விதையே காரணமாகிவிடாது. ஆழமாக விதைத்தல், ஈரக்குறைவு, எறும்பு கொண்டுபோதல், நாற்றழுகல் நோய் இவற்றாலும் நாற்றங்கால் பாழாவதுண்டு. உண்மையை அறிய எளிய உபாயம் ஒன்று உளது. நூறு விதைகளை எண்ணி, நனைத்த துணியில் இடைவெளிவிட்டுப் பரப்பிச் சுருட்டி, நிழலில் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். வெங்காயத்திற்குப் பன்னிரண்டாம் நாளும், தக்காளிக்குப் பதினான்காம் நாளும் நன்கு முளைத்தவற்றை எண்ணிப் பார்க்கலாம். சான்று விதைக்கு வெங்காயத்திலும் தக்காளியிலும் நூற்றுக்கு 70, மிளகாயில் 60 என்பது குறைந்த அளவு. துணியில் எண்பது முளைத்து நாற்றங்காலில் முப்பதே முளைத்திருப்பின் குற்றம் நம்முடையது. துணியிலும் முப்பதே என்றால் விதையின்மேல் ஐயங்கொள்ளுதல் நியாயம். விதைப்பதற்கு முன்னரே இச்சோதனையைச் செய்பவருக்கு நஷ்டமே நேராது.

முறையிடும் விதம்

ஐயம் உறுதியானவுடன், நிலத்தை மறு உழவு செய்வதற்கு முன்னர், விற்றவருக்கு எழுத்து மூலமாகத் தெரிவித்து, நகலை வைத்துக்கொள்ள வேண்டும். அன்றே வட்டாரத் தோட்டக்கலை அல்லது வேளாண்மை அதிகாரிக்கும் விதை ஆய்வாளருக்கும் மனுச் செய்து, நிலத்தைப் பார்வையிட்டு அறிக்கை தரும்படி கேட்க வேண்டும். 1968-ம் வருஷத்திய விதை விதிகளின்படி, அத்தகைய மனுவைப் பெற்ற ஆய்வாளர் அட்டை, பை, மீந்த விதை ஆகியவற்றைக் கைக்கொண்டு, அக்குவியலின் மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பிக் காரணத்தை விசாரிக்கக் கடமைப்பட்டவர். அதே குவியலை வாங்கிய அண்டை நிலத்தாரும் சேர்ந்து மனுக் கொடுத்தால் அதற்கு வலிமை அதிகம்.

ஈடு பெறும் விதம்

1966-ம் வருஷத்திய விதைச் சட்டம் குற்றம் செய்த வியாபாரியைத் தண்டிக்கும். ஆனால் குடியானவருக்கு நஷ்ட ஈடு தராது. அதற்குரிய இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பயிரை விற்றுப் பணம் பெறும் விவசாயி நுகர்வோராக மாட்டார் என்றும், விதையைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் வழக்குத் தொடுக்க முடியாதென்றும் விற்போர் முன்பு வாதித்து வந்தனர். ஆந்திரப் பிரதேசக் குடியானவர் பலருக்கும் தேசிய விதைக் கழகத்திற்கும் இடையே நடந்த வழக்கில், 2012-ம் வருஷம் ஜனவரி மாதம் சுப்ரீம் கோர்ட்டு இவ்வாதங்களைத் தள்ளியது. விதை வாங்கும் விவசாயி நுகர்வோரே என்றும், வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடும் குடியானவர் சோதனைக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி வைத்திருப்பார் என எதிர்பார்த்தல் தகாதென்றும் அத்தீர்ப்புக் கூறிற்று. விதையை மீதம் வைக்கத் தவறியவரும் மனந்தளர வேண்டியதில்லை என்பது இதனால் விளங்கும்.

2020-ம் வருஷம் ஜூலை மாதம் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கம்பெனி எவ்வூரில் இருப்பினும் குடியானவர் தாம் வசிக்கும் ஜில்லாவிலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாதாயின் கட்டணமில்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதுமில்லை. காரணம் எழுந்த இரண்டு வருஷத்திற்குள் மனுச் செய்ய வேண்டும். தீர்ப்புப் பாதகமாயின் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் அப்பீல் உண்டு. வழக்கிற்கு முன் சமாதானமாக முடித்துக்கொள்ள விரும்புவோர் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி நிலையத்துடன் தொலைபேசியில் பேசலாம்.

மனுவில் கோபச் சொற்களுக்கு இடமில்லை. வாங்கிய தேதி, குவியல் எண், விதைத்த பரப்பு, முளைத்த அளவு, செய்த செலவு, அண்டை நிலத்தில் கண்ட விளைச்சலைக் கொண்டு கணக்கிட்ட நஷ்டம் ஆகியவற்றை வரிசையாக எழுதி, ரசீது நகல், அதிகாரியின் அறிக்கை, நிலத்தின் புகைப்படம் இவற்றை இணைத்தால் போதுமானது. நஷ்டத்தை மிகைப்படுத்திக் காட்டுபவர் தம் உண்மையையும் சந்தேகத்திற்கு உள்ளாக்கிக்கொள்வார்.

நேர்மையான வியாபாரிகளும் பலர் உளர். ரசீது கேட்டு வாங்கும் வழக்கம் ஊரெங்கும் பரவுமாயின், அவர்கள் வியாபாரம் விருத்தியடையும். மற்றவர்கள் கடையில் பழைய விதை தங்காது. ஆகவே குடியானவர் ஒவ்வொருவரும் அடுத்த பருவத்து விதைப்பையுடன் ஒரு ரசீதையும் வீட்டிற்குக் கொண்டுவந்து பெட்டியில் வைப்பாராக.